இடுப்பு வலி தசைநாண் காயமா என்று கையால் சோதித்தே சொல்ல முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் 54 வயது அம்மாவுக்கு ஏழு மாதமாக வலது இடுப்பில் வலி. ஒரு டாக்டர் டிஸ்க் என்கிறார், இன்னொருவர் பர்சைட்டிஸ் என்கிறார், எதிர்வீட்டு மாமி வாதம் என்று முடிவே கட்டிவிட்டார். டாக்டர்கள் இருவரும் எம்ஆர்ஐ-க்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள், ஆனால் இருவருமே அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. இது தசைநாண் காயமாக இருக்குமோ, அதைக் கையால் சோதித்தே கண்டுபிடிக்கலாமா என்று மகன் கேட்கிறார். போகிற போக்கில், தனக்கும் மாரத்தான் பயிற்சி தொடங்கியதிலிருந்து உட்காரும் இடத்தில் ஒரு வலி இருக்கிறது என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்கும் பதில் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஊரில்தான் பதினெட்டு வருடமாக இடுப்பும் முட்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான பேருக்குக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது, நாலைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோதிக்கிறவர் ஒவ்வொரு முறையும் "வலிக்குதா?" என்று கேட்டால் போதாது, "இதுதான் உங்கள் வலியா?" என்று கேட்க வேண்டும். காலைப் பிடித்து முறுக்கினால் யாருக்கும்தான் எங்கேயாவது இழுக்கும். ஏழு மாதமாகத் தூங்கவிடாத அதே வலி, அதே இடத்தில் வருகிறதா என்பதுதான் விஷயம்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்க விடாமல் குழப்புவது முதலில் மொழிதான். இடுப்பு என்பது நம் பேச்சில் ஒரு மாவட்டம் மாதிரி. முதுகெலும்பின் அடிப்பக்கம் வலித்தாலும் இடுப்பு வலி, புடவை கட்டும் இடத்தில் வலித்தாலும் இடுப்பு வலி, பிட்டத்தில் வலித்தாலும் கூச்சத்துக்கு இடுப்பு வலி, தொடை இடுக்கில் வலித்தால் அதைவிடக் கூச்சம், அதுவும் இடுப்பு வலிதான். தெற்கத்திக்காரர்களாவது குறுக்கு வலி என்று முதுகைத் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள், சென்னையில் அதுவும் இல்லை. அடுத்தது நரம்பு. "நரம்பு இழுக்குது", "நரம்பு பிசகிடுச்சு" என்று வருகிறவர்கள் சொல்லும் நரம்பு பாதி நேரம் தசைநாணாகத்தான் இருக்கும், அதாவது தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. இடுப்பு வலி, நரம்பு இழுக்குது என்று இரண்டு சொற்களைக் கேட்டதும் அவசரத்தில் இருக்கும் டாக்டரின் கை முதுகெலும்பு எம்ஆர்ஐ என்று தானாக எழுதிவிடுகிறது. முழுத் தப்பும் அவர் மேல் இல்லை.

அதனால் என் முதல் சோதனைக்கு எந்தப் பெயரும் இல்லை. நிற்க வைத்து, "உள்ளங்கையால் தடவிக் காட்டாதீர்கள், ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பேன். விரல் முதுகுத்தண்டின் பக்கத்தில் போனால் ஒரு கதை. பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டால் வெளிப்பக்கமாகத் தட்டுப்படும் அந்த எலும்பு முடிச்சுக்குப் போனால் வேறு கதை. சிலர் விரல் வைக்கவே மாட்டார்கள், கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் விரித்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து "உள்ளே, ஆழத்தில்" என்பார்கள். அது மூட்டுக்குள் பிரச்சினை என்பதற்கான ஜாடை. பிட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பில் விரல் போனால் பின்தொடைத் தசைநாண் பக்கம் யோசிக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் அம்மாவின் விரல் பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டு முடிச்சுக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துச் சொல்கிறேன்: வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, மாடிப்படி ஏறும்போது சுருக்கென்கிறது, டிவி முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலு அடி நொண்டல், பிறகு சரியாகிறது. தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் முடிச்சை கிரேட்டர் ட்ரொகான்டர் என்பார்கள். பிட்டத்தின் நடுத்தசையும் சிறுதசையும், அதாவது குளூட்டியஸ் மீடியஸும் மினிமஸும், அங்கேதான் வந்து கட்டிக்கொள்கின்றன. ஒரு காலில் நிற்கும்போது இடுப்புக்கூடு மறுபக்கம் சாயாமல் பிடித்து வைப்பது இந்த இரண்டும்தான். இவற்றின் மேல் இலியோடிபியல் பட்டை என்ற தடித்த பட்டை ஓடுகிறது. காலை உள்பக்கமாகக் கொண்டுவரும்போதெல்லாம், அதாவது கால் மேல் கால் போட்டாலும், ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும், ஒருக்களித்துப் படுத்து மேல்காலை முன்னால் தொங்கவிட்டாலும், அந்தப் பட்டை தசைநாணை எலும்போடு வைத்து நசுக்குகிறது. இந்த நசுக்கல் மனதில் இருந்தால் கீழே சொல்லப்போகிற சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

முன்பெல்லாம் இந்த இடத்து வலிக்கு மொத்தமாக ட்ரொகான்டெரிக் பர்சைட்டிஸ் என்று பெயர். பர்சா என்பது நடுவில் இருக்கும் வழவழப்பான பை. ஸ்கேன் வசதிகள் வந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு தசைநாணில் இருப்பதும், பை மட்டும் தனியாக வீங்கியிருப்பது குறைவு என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் மருந்துச்சீட்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி, இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. நம் ஊரில் இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன், இது என் அனுபவம்தான், ஆராய்ச்சி இல்லை: அடுப்பு மேடை முன்னால் ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது, பேரப்பிள்ளையை எப்போதும் ஒரே பக்கம் தூக்கி வைத்துக்கொள்வது, பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது. அம்மா உங்கள் பைக்கில் எப்படி உட்காருகிறார் என்று கவனியுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது மிகச் சுலபமானது: ஒரு காலில் முப்பது விநாடி நிற்பது. சுவருக்குப் பக்கவாட்டாக, வலியில்லாத பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி நின்று, விழாமல் இருக்க ஒரு விரலை மட்டும் சுவரில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கத்துக் காலை முட்டி மடக்கித் தூக்க வேண்டும். முழு எடையும் வலிக்கிற காலில். முப்பது எண்ணுவதற்குள் பக்கவாட்டு முடிச்சில் அந்தப் பழகிய வலி வந்தால் சோதனை பாசிட்டிவ். பலரும் ஐந்து விநாடியில் வலிக்கவில்லை என்று காலை இறக்கிவிடுவார்கள், சோதிக்கிறவரும் அதோடு விட்டுவிடுவார். தசைநாணுக்குச் சுமை ஏற நேரம் வேண்டும், இருபத்தைந்தாவது விநாடியில் முகம் மாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகில் வலித்தாலோ முட்டியில் வலித்தாலோ அது இந்தக் கணக்கில் வராது.

2008-ல் ஒரு பிரெஞ்சுக் குழு, வெறும் 17 நோயாளிகளிடம்தான், இந்தச் சோதனையை எம்ஆர்ஐ-யோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2017-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் ஓர் ஆஸ்திரேலியக் குழு இன்னும் விரிவாக எழுதியது. அதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முப்பது விநாடிக்குள் பக்கவாட்டில் வலி வந்தால், அநேகமாகத் தசைநாண் கோளாறுதான். அந்த முடிச்சை அழுத்தினால் வலியே இல்லையென்றால், தசைநாண் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலாவது உறுதிப்படுத்த, இரண்டாவது விலக்க. இரண்டுக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகாது, பைசா செலவும் இல்லை.

நிற்கும்போதே இன்னொன்றையும் பார்க்கிறோம். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறதா? அப்படி இறங்கினால் நிற்கிற காலின் பக்கவாட்டுத் தசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். 1895-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் சொன்னது, இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. சிலர் இடுப்பை இறங்கவிடாமல் உடம்பையே நிற்கிற கால் பக்கம் சாய்த்துத் தப்பித்துவிடுவார்கள், அதையும் பாசிட்டிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புடவையில் இது சுத்தமாகத் தெரியாது. முழுத் தசைநாண் கிழிசல் இருந்தால் நடையிலேயே ஆடும். கூடத்திலிருந்து என் அறைக்கு வரும் பத்தடியில் பாதி விடை வந்துவிடும், அதனால்தான் நான் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அடுத்தது அழுத்திப் பார்ப்பது. வலியில்லாத பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. முடிச்சின் மேல்விளிம்பு, பின்பக்க மூலை, நடுப்பகுதி, முன்பக்கம் என்று கட்டைவிரலால் மெதுவாக நகர்ந்து போக வேண்டும். முன்பக்கம் சிறுதசையின் இடம், பக்கவாட்டும் பின்மேல் மூலையும் நடுத்தசையின் இடம். எந்த மூலையில் வலி என்று குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து இந்தத் தசைநாண்தான் கிழிந்திருக்கிறது என்று ஜோசியம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த எலும்பை ஓங்கி அழுத்தினால் நன்றாக இருக்கிறவருக்கும் வலிக்கும். அதனால் வலியில்லாத பக்கத்தை முதலில் அழுத்திப் பழக்கிவிட்டு, அதே அழுத்தத்தில்தான் வலிக்கிற பக்கம் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து "நரம்பு எடுக்கிறேன்" என்று இதே முடிச்சை முழங்கையால் உருட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருக்கும் தசைநாணை இன்னும் நசுக்குவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை.

பிறகு முறுக்கும் சோதனைகள். மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பையும் முட்டியையும் 90 டிகிரி மடக்கி, தொடையை உடம்பின் குறுக்கே உள்பக்கம் கொண்டுவந்து, பாதத்தையும் உள்பக்கமாகத் திருப்பினால், அதாவது தொடையை வெளிப்பக்கமாகச் சுழற்றினால், தசைநாண் நசுங்கும். இதற்கு ஃபேடர் என்று பெயர். வலி தெளிவாக வரவில்லையென்றால் அதே நிலையில் "பாதத்தை வெளியே தள்ளுங்கள், நான் தடுக்கிறேன்" என்று சொல்லி தசையை இறுக வைக்கிறோம். நசுக்கலும் இறுக்கமும் சேரும்போது ஒளிந்திருக்கும் வலி வெளியே வந்துவிடும். ஒருக்களித்துப் படுத்த நிலையிலும் இதே உத்திதான்: மேல்காலைக் கட்டில் விளிம்புக்குப் பின்னால் தொங்கவிட்டு, பிறகு அதை மேலே தூக்கச் சொல்லி முட்டிப் பக்கத்தில் தடுப்பது. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான், பக்கவாட்டில் அந்தப் பழைய வலி வந்ததா? தொடை இடுக்கில் வந்தால் அது வேறு.

ஃபேபர் என்று ஒன்று இருக்கிறது, பாதத்தை எதிர்முட்டியின் மேல் வைத்து, பாதிச் சம்மணம் போட்ட மாதிரி, முட்டியை மெதுவாகக் கீழே அமுக்குவது. இதை நான் விரும்புவதற்குக் காரணம், வலிக்கிற இடமே வழி காட்டும். பக்கவாட்டில் வலித்தால் பிட்டத் தசைநாண், தொடை இடுக்கில் வலித்தால் இடுப்பு மூட்டு, பின்னால் புடவை செருகும் இடத்துக்குக் கீழே வலித்தால் சாக்ரோஇலியாக் மூட்டு, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம். நூற்றுக்கு நூறு கிடையாது, ஆனால் அடுத்து எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

இதுவரை தசைநாண் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தோம். மற்றது இல்லை என்று பார்ப்பதுதான் அதைவிட முக்கியம். மூட்டுத் தேய்மானம் என்றால் 90 டிகிரி மடக்கிய நிலையில் தொடை உள்பக்கமாகச் சுழலாது, இறுகிப்போயிருக்கும், வலி தொடை இடுக்கில் வரும். வீட்டிலேயே தெரியும்: கால் நகம் வெட்டுவது, சாக்ஸ் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் உட்காருவது எல்லாம் கஷ்டமாகிவிடும். பிட்டத் தசைநாண்காரர்களுக்கு நகம் வெட்டுவதில் பெரிய தொந்தரவு இருக்காது. முதுகுக்கு, மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது, அனிச்சைச் செயல், தொடு உணர்வு, பெருவிரலை மேலே தூக்கும் பலம், குதிகாலில் நடக்க வைப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்5 நரம்பு, அதாவது கீழ்முதுகிலிருந்து காலுக்குப் போகும் நரம்புகளில் ஒன்று, அழுந்தினாலும் அதே பிட்டத் தசைகள் பலவீனமாகி ட்ரெண்டலன்பர்க் பாசிட்டிவ் ஆகும், ஏனென்றால் அந்தத் தசைகளுக்குப் போகும் நரம்பில் எல்5-ன் பங்கும் இருக்கிறது. வலி முட்டிக்குக் கீழே பாதம் வரை போய் மரத்தால், அல்லது பெருவிரல் தூக்க முடியாவிட்டால், டிஸ்க் சொன்ன டாக்டர் சொன்னதுதான் சரி.

அப்புறம் ஒன்று, நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டே ஆக வேண்டியது: உள்பாவாடை நாடா. தொடையின் முன்-வெளிப்பக்கம் எரிச்சலும் மரமரப்பும் இருந்து, முடிச்சை அழுத்தினால் வலியில்லை என்றால், இறுக்கிக் கட்டும் நாடாவோ பெல்ட்டோ தோல் நரம்பு ஒன்றை அமுக்கிக்கொண்டிருக்கலாம். மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்று பயமுறுத்தும் பெயர், பலருக்கு நாடாவைத் தளர்த்தினாலே குறைந்துவிடும்.

என்னுடைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்னால், முப்பதுகளில் ஒரு பெண், ஈசிஆரில் நீண்ட ஓட்டப் பயிற்சி செய்கிறவர், தொடை இடுக்கில் வலி என்று வந்தார். முட்டிகளுக்கு நடுவில் என் முஷ்டியை வைத்து நசுக்கச் சொன்னேன், வலித்தது, உள்தொடைத் தசைநாண் என்று எழுதி உடற்பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் இரண்டு மாதத்தில் ஓட்டத் தூரத்தை இரட்டிப்பாக்கியிருந்தார், சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கியிருந்தார், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தது. இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தபோது தொடையெலும்பின் கழுத்தில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல். முழுதாக முறிவதற்கு முன்னால் பிடிபட்டது அவருடைய நல்ல நேரம். அன்றிலிருந்து, ஓடுகிறவருக்குத் தொடை இடுக்கில் வலி என்றால், எலும்பு முறிவு இல்லை என்று எனக்கு நிச்சயமாகும்வரை தசைநாண் என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிச் சோதிப்பதையும் இவர்களிடம் விட்டுவிட்டேன், குதித்து முழுசாக முறிந்தால் யார் பொறுப்பு? அதே மாதிரி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர், அதிகமாகக் குடிப்பவர் ஆகியோருக்குத் தொடை இடுக்கு வலி என்றால் எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், அங்கே நானே முதலில் எம்ஆர்ஐ கேட்பேன்.

இப்போது உங்கள் வலிக்கு வருகிறேன். ஆபீஸ் நாற்காலியில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, பைக் சீட்டில் குத்துகிறது, வேகமாக ஓடும்போதும் குனியும்போதும் பிட்டத்தின் அடியில் இழுக்கிறது என்றால் அது பின்தொடைத் தசைநாண் தொடங்கும் இடம், உட்காரும் எலும்பு. அங்கும் அதே தத்துவம், நீட்டி நசுக்கிப் பார்ப்பது. 1988-ல் பின்லாந்தின் புரானென், ஒராவா இருவரும் எழுதிய சோதனை: நின்றபடி குதிகாலை இடுப்பு உயர மேசை மேல் வைத்து, முட்டியை நீட்டி, காலை நோக்கிக் குனிவது. இன்னொன்று, மல்லாந்து படுத்து தொடையை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, சோதிக்கிறவர் முட்டியை மெதுவாக நீட்டுவது, அதையே கொஞ்சம் வேகமாகச் செய்வது. அதோடு ஒற்றைக் காலால் பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்கும் பயிற்சி, அதில் சரியாக உட்காரும் எலும்பில் வலித்தால் சந்தேகம் வலுக்கும். பின்தொடையின் நடுவில் இழுப்பது வெறும் இறுக்கம், அதை எண்ணக் கூடாது. ஓடுகிறவர்கள் இந்த வலிக்குக் குனிந்து குனிந்து பின்தொடையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள், கோட்டூர்புரம் பாலத்துச் சுவரில் காலைப் போட்டு நீட்டும் ஒரு கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். நீட்டும்போது தசைநாண் எலும்பில் இன்னும் நசுங்கும். நிறுத்துங்கள்.

வழுக்கி விழுந்து கால் முன்னால் போய், பிட்டத்தில் "டப்" என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று நாளில் பின்தொடை முழுக்கக் கருநீலமாக ரத்தம் கட்டினால் அது வேறு கதை, தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அறுவை தேவைப்பட்டால் சில வாரத்துக்குள் செய்வதுதான் சுலபம், தள்ளிப்போட்டால் தசை சுருங்கிவிடும். பதினாலு பதினைந்து வயதுப் பையன் கால்பந்து உதைத்தோ ஓட்டப்பந்தயத்திலோ இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சுளுக்கு என்று விடாதீர்கள். அந்த வயதில் தசைநாணைவிட வளரும் எலும்பின் முனைதான் பலவீனம், எலும்புத் துண்டே பெயர்ந்து வரும். ஒரு சாதா எக்ஸ்ரே போதும்.

முன்பக்கமும் உள்பக்கமும் உங்கள் இருவருக்கும் பொருந்தாது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இலியோசோவாஸ் தசைநாண். உட்கார்ந்த நிலையில் முட்டியை மேலே தூக்கச் சொல்லித் தடுத்தால் தொடை இடுக்கில் வலிக்கும். அரைமண்டியில் நிற்கும் பரத நாட்டியப் பெண்களிடம் காலை வெளியே மடக்கி நீட்டும்போது "டொக்" என்று கேட்கும், வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. பக்கவாட்டுப் பட்டை முடிச்சின் மேல் தாவுவதும் ஒரு சத்தம்தான், ஆனால் அது கண்ணுக்கே தெரியும், இது காதுக்குத்தான் தெரியும். உள்பக்கம் கிரிக்கெட் வேகப்பந்துக்காரர்களும் கபடி ஆடுகிறவர்களும். 2014-ல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் வரையறுத்தது எளிமையாக இருக்கிறது: உள்தொடைத் தசைநாணை அழுத்தினாலும் வலிக்க வேண்டும், காலை உள்ளே நசுக்கும்போது தடுத்தாலும் வலிக்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் அந்தப் பெயர். நான் அந்த ஓட்டக்காரரிடம் செய்தது இரண்டாவது பாதி மட்டும்.

எம்ஆர்ஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களின் ஸ்கேனில் வலியே இல்லாத பக்கத்திலும் தசைநாண் மாற்றங்கள் தெரியும், முதுகெலும்பில் டிஸ்க் தேய்மானமும் தெரியும். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் எடுத்த ஸ்கேனில் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும், கிடைத்ததற்கு வைத்தியம் தொடங்கிவிடும். அம்மாவுக்கு இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம், மூட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய கிழிசல் சந்தேகம் இருந்தாலோ, நடையே ஆடினாலோ, ஒழுங்காக மூன்று மாதம் உடற்பயிற்சி செய்தும் மாறாவிட்டாலோ எம்ஆர்ஐ. காய்ச்சல், எடை குறைதல், படுத்தே இருந்தாலும் ஓயாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பிட்டத் தசைநாண் என்று உறுதியானால் ஊசி போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2018-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 204 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எட்டு வாரத்தில், எப்படி நிற்பது உட்காருவது படுப்பது என்று சொல்லிக்கொடுத்து உடற்பயிற்சி செய்தவர்களில் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58, சும்மா பொறுத்திருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்து 79, 58, 52. பிசியோ என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரியே செய்யக்கூடியது: இடது பக்கம் படுத்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரை வருகிற மாதிரி ஒரு தடித்த தலையணை, கால் மேல் கால் வேண்டாம், பைக்கில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் நல்லது, இல்லையென்றால் கொஞ்ச நாள் ஆட்டோ.

டாக்டரிடம் போகும்போது அம்மாவைப் புடவையில் கூட்டிப்போகாதீர்கள், தொளதொளப்பான சுடிதார் போதும், அதுவும் இல்லையென்றால் நைட்டியையும் ஒரு துண்டையும் பையில் எடுத்துப் போங்கள். பெண் டாக்டரோ பெண் பிசியோவோ வேண்டுமென்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், அம்மாக்கள் கூச்சத்தில் "அங்கெல்லாம் வலி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். கட்டிலில் படுக்க வைக்காமல் சீட்டு எழுதத் தொடங்கினால், "டாக்டர், ஒரு தடவை ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்க்கிறீர்களா?" என்று மரியாதையாகவே கேட்கலாம். யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டிலேயே செய்து பார்ப்பதென்றால் அந்த முப்பது விநாடிச் சோதனை மட்டும், சுவர் ஓரமாக, நீங்கள் பக்கத்தில் நின்றபடி. எத்தனையாவது விநாடியில், எந்த இடத்தில் வலி வந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். முறுக்கும் சோதனைகளை யூடியூப் பார்த்து அம்மா மேல் செய்ய வேண்டாம்.